என் ஷாட்கள் மட்டும்

பிப்ரவரி 3, திங்கள்

இனிமேல் வீட்டில் ஆபீஸ் பேச்சு கிடையாது என்று கோதை சொல்லிவிட்டாள். நானும் சரி என்றேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் ஷாட், ரெண்டர், அவுட்புட் என்று பேசிக்கொண்டிருந்தால் எட்டு வயதுப் பெண் நடுவில் உட்கார்ந்து என்ன செய்வாள்? நியாயம்தான். ஆனால் எனக்குப் பேச வேறு ஆள் இல்லை. ஹார்டு டிஸ்க் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. முகி முதல் இரண்டு பக்கத்தில் மீன் வரைந்திருக்கிறாள். மூன்றாவது பக்கத்திலிருந்து நான்.

இன்று நடந்தது இதுதான். காலையில் ஸ்டூடியோவை நடத்தும் வின்சென்ட் சார் எல்லோரையும் ஹாலில் நிற்கவைத்து, புதிதாக வந்த கடல் படத்துக்குப் பூங்கோதைதான் லீட் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்து சீட் ஷெரிஃப் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தட்டினான். அவன் பார்ப்பதற்கு முன்பே நான் தட்ட ஆரம்பித்திருந்தேன்.

நீலத்திரை ஸ்டூடியோவில் நான் பதினொரு வருடமாக இருக்கிறேன். கோதை நான்கு வருடம். முகி கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் பழைய கம்ப்யூட்டரை வைத்து அவளுக்கு எங்கள் ஸ்டூடியோ மென்பொருளைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒரு தகவலுக்காக எழுதி வைக்கிறேன்.

சந்தோஷமான நாள். வரும் வழியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வீட்டில் "என்னங்க". ஆபீஸில் "மாறன்". இது புதிதில்லை, சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆனால் இன்று "மாறன், உங்க ஷாட் எல்லாம் மதியத்துக்குள்ள பாத்துடலாமா?" என்று ஹாலின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். பார்த்துடலாம் என்றேன்.

கியாஸ் புக் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

முகியை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் கூட்டிப்போகும்போது கேட்டாள்.

"அப்பா, லீட்னா என்னப்பா?"

"எல்லாரோட வேலையையும் ஒண்ணா பாத்துக்கறவங்க."

"அப்ப உன்னோட வேலையையும் அம்மாதான் பாக்குமா?"

"ஆமா."

"சரி இல்லன்னா திட்டுமா?"

வளசரவாக்கம் சிக்னல் பச்சையாகிவிட்டது. பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு எங்கள் வேலையை விளக்கவேண்டி வந்தால் ஒட்டுவேலை என்றுதான் சொல்வேன். நடிகரைப் பச்சைத் திரைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்திருப்பார்கள். கடல் தனியாக வரும், வானம் தனியாக வரும். ஒட்டிய இடம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே காட்சியாக்க வேண்டும். நன்றாகச் செய்தால் செய்ததே யாருக்கும் தெரியாது. பதினொரு வருடமாக நான் நன்றாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தலையணை உறைகளைத் துவைத்தேன். மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றினேன். முகிக்கு நகம் வெட்டினேன்.

கோதை பால்கனியில் நின்று போனில் வின்சென்ட் சாரோடு பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வீட்டில் ஆபீஸ் பேச்சு கிடையாது என்பது எனக்கும் அவளுக்கும் இடையில் மட்டும்தான் போலிருக்கிறது. கேட்கவில்லை. மனிதர் அறுபதை நெருங்குகிறவர், பேரன் எடுத்தவர், தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. என்னோடு போனில் பேசும்போது அவர் ஒருநாளும் சிரித்ததில்லை என்பதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்

இன்று காலை லேபிலிருந்து சொல்லி அனுப்பினார்களாம். படத்துக்கு நிறம் திருத்துகிறவர்கள் அவர்கள்தான். நாங்கள் அனுப்பும் கோப்புகள் இதுவரை பேசிவைத்த வகையில் வேண்டாம், டிஃப் கோப்புகளாக வேண்டும், பதினாறு பிட்டில். கோதை உடனே அவுட்புட் டெம்ப்ளேட்டை மாற்றி எல்லோருடைய மெஷினுக்கும் அனுப்பினாள். எந்த வகைக் கோப்பு, எந்த அளவு, எந்த நிறக்கணக்கு, எந்தப் பெயர் எல்லாம் அதிலேயே இருக்கும். நாங்கள் ஷாட்டைப் பொருத்திவிட்டு ரெண்டர் பட்டனை அமுக்கினால் போதும், முடிந்த காட்சி கோப்பாக வெளியே வந்துவிடும்.

நான் அமுக்குவதற்கு முன் எப்போதும் ஒருமுறை திறந்து பார்ப்பேன். பார்த்தேன். டிஃப் என்று இருந்தது. அதற்குக் கீழே எட்டு பிட் என்று இருந்தது.

எப்படி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கோப்பு வகையை மாற்றியதும் இந்த மென்பொருள் கீழே இருக்கும் எண்ணைத் தானாகவே எட்டுக்கு மாற்றிவிடும். அவசரத்தில் யாருக்கும் கண்ணில் படாது. மானிட்டரில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. லேபில் உட்கார்ந்து நிறத்தை அங்கே இழுத்து இங்கே தள்ளும்போதுதான் குட்டு வெளிப்படும். எட்டு பிட்டில் நிறத்துக்குப் படிகள் குறைவு. நீலத்திலிருந்து செம்மஞ்சளுக்கு இறங்கும் மாலை வானம் என்றால் பட்டை பட்டையாகக் கோடு விழுந்துவிடும். இந்தப் படம் முழுக்க மாலை வானம்தான்.

என் ஷாட்டில் பதினாறு ஆக்கிக்கொண்டேன்.

ஷெரிஃபிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவன் காதில் ஹெட்போன். கோதையிடம் போகலாம் என்று எழுந்தேன். அவள் சீட் அருகே வின்சென்ட் சார் காபி டம்ளரோடு நின்றிருந்தார். ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் போய் எல்லோர் முன்னாலும் உன் டெம்ப்ளேட்டில் தப்பு என்று சொன்னால் எப்படி இருக்கும்? பொண்டாட்டி லீட் ஆனது பொறுக்கவில்லை என்றுதான் பேசுவார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். வீட்டில் ஆபீஸ் பேச்சு கிடையாது.

பிப்ரவரி 14, வெள்ளி

அவளே பார்த்துவிடுவாள். என்னைவிடக் கூர்மையானவள் என்றுதானே லீட் ஆக்கியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

காலை மீட்டிங்கில் கோதை எழுந்து நின்று கேட்டாள். "புது டெம்ப்ளேட் எல்லாருக்கும் ஓகேவா? யாருக்காவது ஏதாவது இடிச்சா இப்பவே சொல்லிடுங்க." ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்தபோது, "மாறன்?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல," என்றேன்.

அது பொய்யில்லை. எனக்குப் பிரச்சனை இல்லைதான்.

மாலையில் முகிக்கு இருமல். கஷாயம் வைத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

டைரக்டர் வந்தார். இளைஞர், தாடி. முடிந்த ஷாட்களைச் சின்ன வீடியோவாகச் சேர்த்துப் பெரிய திரையில் போட்டுக் காட்டினோம். அதில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். புயலுக்கு முன்னால் கதாநாயகி படகில் தனியாக நிற்கும் ஷாட் வந்தபோது இரண்டு தரம் திரும்பப் போடச் சொன்னார். "இது யாரு பண்ணது?" என்றார்.

அது நான் பண்ணியது.

வின்சென்ட் சார், "எல்லாம் நம்ம கோதை டீம்தான் சார்," என்றார். டைரக்டர் கோதைக்குக் கை கொடுத்தார். "கலக்கிட்டீங்க மேடம்" என்றார். கோதை உடனே, "அந்த ஷாட் மாறன் பண்ணது சார்," என்று என்னைக் காட்டினாள். டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "சார் யாரு?"

வின்சென்ட் சார் முந்திக்கொண்டார். "இவரு கோதையோட ஹஸ்பெண்ட்."

"ஓ, நைஸ், நைஸ்," என்றார் டைரக்டர்.

கோதை என் பெயரைச் சொன்னாளே, அதை ஏன் இவ்வளவு நேரமாக மறந்துவிட்டு மற்றதையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. எழுதாமல் விடக்கூடாது என்று எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

முதல் பாதி ஷாட்கள் எல்லாம் ரெண்டர் முடிந்து, டிஸ்க்கில் ஏறி, லேபுக்குப் போய்விட்டன. கோதை தன் கைக்காசில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தாள். என் தட்டில் மட்டும் முட்டையை எடுத்துவிட்டு வைத்தாள். எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

டிஸ்க் கிளம்பும்வரை சொல்ல நேரம் இருந்தது. வாசல்வரை கூடப் போனேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

லேபிலிருந்து போன். வின்சென்ட் சார் கோதையையும் என்னையும் ஷெரிஃபையும் அறைக்குள் கூப்பிட்டார். லேப் அனுப்பிய படங்களைத் திரையில் போட்டார். வானத்தில் வரி வரியாகக் கோடு. வெங்காயத்தை நறுக்கிப் பார்த்தால் தெரிவதுபோல.

"எட்டு பிட்ல போயிருக்கு," என்றார். "எல்லா ஷாட்டும். கண்ணு தெரியலையா யாருக்கும்?"

கோதை நேராக என் தோளைத் தாண்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.

"எல்லா ஷாட்டும் இல்ல," என்று சார் திருத்திக்கொண்டார். லேப் மெயிலைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "மாறா, உன்னுது எல்லாம் கரெக்டா பதினாறுல இருக்காம். உன்னுது மட்டும். டேய், நீ ஒருத்தன்தான்டா இந்த ஆபீஸ்ல வேலை பாத்திருக்க!"

எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். பதினொரு வருடத்தில் முதல்முறை. உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியதை மறைக்க முடியாது. அடுத்த நொடி கோதையின் கண் திரையிலிருந்து என்னிடம் வந்தது. கோபமெல்லாம் இல்லை. கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும் கண். விடை வந்ததும் மறுபடி திரையைப் பார்த்தாள்.

"என் தப்புதான் சார்," என்றாள். "டெம்ப்ளேட் நான்தான் மாத்தினேன். நான்தான் திரும்பப் பாத்திருக்கணும்."

மார்ச் 1, சனி

எல்லா மெஷினும் ஓடுகிறது. எல்லோருடைய ஷாட்டும் மறுபடி ரெண்டர். என்னுடையது தவிர. எனக்கு வேலையில்லை. வாட்டர் கேன் மாற்றினேன். ஷெரிஃப் ஒரு வார்த்தை பேசவில்லை. கோதை ஒவ்வொரு மெஷினாகப் போய், ஒவ்வொரு ஷாட்டின் எண்ணையும் தானே திறந்து பார்த்து, லேபில் இருக்கும் ஆளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை.

லேபில் எங்களுக்காக ஒதுக்கியிருந்த நாட்கள் வேறு படத்துக்குப் போய்விட்டன. தயாரிப்பாளர், இரண்டாம் பாதி வேலையை வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். நான் இதை நினைக்கவில்லை. கொஞ்சம் திட்டு விழும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நினைத்தேன் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

முகி கீழே விளையாடப் போயிருந்தாள். கோதை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒரு கீரைக்கட்டை எடுத்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"எப்ப பாத்தீங்க?"

"எத?"

"எட்டுன்னு இருந்தத."

"கடைசி ஷாட் போடறப்பதான்."

"உங்க மொத ஷாட்டும் பதினாறுலதான் போயிருக்கு."

"அது... பழக்கத்துல மாத்தியிருப்பேன். கவனிச்சிருக்க மாட்டேன்."

ஒரு தண்டை நீளவாக்கில் கிழித்தாள். மறுபடி கிழித்தாள்.

"மீட்டிங்ல கேட்டேன். பேர் சொல்லிக் கேட்டேன்."

நான் ஒரு காம்பைக் கிள்ளினேன்.

"நீங்க சொல்லாம இருந்தீங்க பாருங்க, அதக்கூட நான் எப்படியாவது சமாதானம் பண்ணிப்பேன். மறந்துட்டாரு, வேலை இருந்துச்சு, ஏதோ ஒண்ணு. ஆனா உங்களோடத மட்டும் சரி பண்ணிக்கிட்டீங்க. நான் பள்ளத்துல விழுவேன்னு தெரிஞ்சு நீங்க மட்டும் சுத்திப் போயிட்டீங்க. ஒவ்வொரு ஷாட்டுக்கும் சுத்திப் போயிருக்கீங்க."

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கீரை மசியல் நன்றாக இருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மார்ச் 5, புதன்

வின்சென்ட் சார் தனியாகக் கூப்பிட்டார். "கோதை நல்ல பொண்ணு, ஆனா கொஞ்சம் அவசரம். லீட் பொறுப்ப நீ எடுத்துக்கோ. முன்னமே உனக்குத்தான் குடுத்திருக்கணும்." வேண்டாம் என்று சொல்லத்தான் அறைக்குள் போனேன். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

மதியம் அறிவித்தார். கைதட்டினார்கள். கோதையும் தட்டினாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

மார்ச் 7, வெள்ளி

கோதை ராஜினாமா கொடுத்துவிட்டாள். இந்த மாதம் பாதிவரை வருவாள். எனக்கு வின்சென்ட் சார் சொல்லித்தான் தெரிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

லீட் சீட் ஜன்னல் பக்கம். ஏசி நேரே முகத்தில் அடிக்கிறது. அவள் எப்படி இத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. துண்டு ஒன்று கொண்டுபோக வேண்டும்.

காலையில் கோதை என் மேஜைக்கு வந்து நின்றாள். "மாறன், நாலாவது சீன் முன்னோட்டத்துக்கு எந்த செட்டிங்ல போடணும்?" அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் லீடிடம் கேட்டுச் செய்வதுதான் முறை. நான் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். கோப்பு வகை, அளவு, பிட். அந்த வார்த்தையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொன்னாள்.

மார்ச் 14, வெள்ளி

கோதைக்குக் கடைசி நாள். கேக் வெட்டினார்கள். ஷெரிஃப் அழுதேவிட்டான். முப்பத்தைந்து வயது ஆள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மேடம், எனக்கு ட்ராக்கிங் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்," என்றான். கேமரா அசைவோடு படத்தைப் பொருத்தும் அந்த ட்ராக்கிங்கைக் கோதைக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அதை அங்கே சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது என்பதே இப்போது எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது.

நான் கிளம்பினால் யாராவது அழுவார்களா?

மார்ச் 16, ஞாயிறு

கோதை முகியோடு உள்ளறையில் படுத்துக்கொள்கிறாள். முகிக்கு இருமல் என்று காரணம். முகிக்கு இருமல் போய் ரொம்ப நாளாகிறது.

மார்ச் 19, புதன்

ஆபீஸில் இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு பெண் குரல்.

"வணக்கம் சார், நான் பத்மஜா. கிண்டியில ஒரு ஸ்டூடியோவுல சூப்பர்வைசரா இருக்கேன். பூங்கோதைன்னு ஒருத்தங்க எங்ககிட்ட இண்டர்வியூவுக்கு வந்திருக்காங்க. உங்க டீம்லதான் கடைசியா இருந்தாங்களாமே. ஷெரிஃப்னு ஒருத்தர்தான் உங்க நம்பர் குடுத்தாரு, இப்போ நீங்கதான் லீட்னு சொன்னாரு."

"ஆமா மேடம்."

"ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கணும். ஆள எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா அந்தக் கடல் படத்துல அவுட்புட் தப்பாப் போயி வேலையே கைவிட்டுப் போச்சுன்னு வெளிய ஒரு பேச்சு ஓடுது. அவங்ககிட்டயே கேட்டேன். என் தப்புதான்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. நெஜமா அவங்க தப்பா?"

நான் எழுந்து மாடிப்படி பக்கம் போனேன். ஆமாம் என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை, அவளே சொன்னதுதான். ஆமாம் என்றால் அவள் கிண்டிக்குப் போகமாட்டாள். அந்த ஸ்டூடியோ எங்களுடையதைப் போலப் பத்து மடங்கு. அங்கே அவள் உட்காரப்போவது எனக்கு மேலே. இதெல்லாம் படியில் நிற்கும்போதே மனதில் ஓடியது. ஓடவில்லை என்று எழுதினால் இந்த டைரிக்கு அர்த்தமில்லை.

"டெம்ப்ளேட்ல தப்பு இருந்துச்சு மேடம்," என்றேன். "கோப்பு வகைய மாத்தினதும் தானா எட்டுக்குப் போயிடுச்சு. அத அனுப்பின அன்னிக்கே நான் பாத்துட்டேன். என் ஷாட்ட மட்டும் மாத்திக்கிட்டேன். அவங்ககிட்ட சொல்லல. மீட்டிங்ல கேட்டாங்க, அப்பவும் சொல்லல."

"ஏன் சார்?"

"அவங்க லீட் ஆனது எனக்குத் தாங்கல."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் அவங்க ஹஸ்பெண்ட்," என்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"இப்படி ஒரு பதில நான் எதிர்பார்க்கல சார்," என்றாள் பத்மஜா. "நான் வின்சென்ட் சார்கிட்டயும் ஒரு தடவ பேசிட்டு முடிவு பண்றேன். உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே?"

இல்லை என்றேன். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

வின்சென்ட் சார் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உன்ன நம்பி நான் ஒரு பொண்ணத் திட்டினேன்டா," என்றார். "அவ ஒரு வார்த்த உன்னப்பத்திச் சொல்லல. நான் கெழவன், எனக்கும் தோணல பாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 24, திங்கள்

ஷெரிஃப் லீட். கைதட்டினேன்.

மார்ச் 26, புதன்

கோதைக்கு வேலை கிடைத்துவிட்டது. மாலையில் கடிதத்தை முகியிடம் காட்டினாள். முகி குதித்தாள். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சோப்புக் கையோடு வாசலில் வந்து நின்று, "சந்தோஷம்," என்றேன்.

முகி டிவி பக்கம் போனதும் கோதை உள்ளே வந்தாள். மேடையில் சாய்ந்து நின்றாள்.

"பத்மஜா மேடம் சொன்னாங்க."

"ம்."

"எங்கிட்ட கடைசி ஷாட்லதான் பாத்தேன்னீங்க. கீரைய கையில வச்சுக்கிட்டு நேருக்கு நேரா சொன்னீங்க. முன்னப் பின்ன தெரியாத ஒருத்தங்ககிட்ட உண்மையச் சொல்லியிருக்கீங்க."

"உன்கிட்ட சொல்ல முடியல."

"ஏன்?"

"நீ என் முகத்தப் பாத்துட்டிருப்ப."

நான் குழாயை மூடினேன். சொல்லிவிடலாம் என்று தோன்றியது, இந்த ஒரு தடவை.

"மொத நாளே பாத்துட்டேன் கோதை. நீ அனுப்பின அன்னிக்கே. நீயும் சாரும் சிரிச்சுட்டு இருந்தீங்க. எனக்கு அந்தச் சிரிப்பு நிக்கணும்னு இருந்துச்சு."

"தெரியும்," என்றாள். "நாள்தான் தெரியாது. மத்ததெல்லாம் தெரியும். நீங்க எனக்கு ஒவ்வொண்ணா சொல்லிக்குடுத்தீங்கல்ல, அப்ப நான் தப்புப் பண்ணினா உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும். வாங்க, நகருங்க, நான் காட்டறேன்னு சேரை இழுத்துப் போட்டு உக்காருவீங்க. நான் தப்பே பண்ணாம ஆனப்புறம் நீங்க என் பக்கத்துல வந்து உக்காரவே இல்ல."

யோசித்துப் பார்த்தால் அது எந்த மாதத்திலிருந்து என்றுகூடச் சொல்ல முடியும் போலிருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

முகியின் யூனிஃபார்ம் பாவாடையை ஒரு விரல் இறக்கித் தைத்தேன். வளர்ந்துவிட்டாள். கோதை உள்ளறையில்தான் படுக்கிறாள். இப்போது இருமல் என்று சொல்வதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

கோதைக்குப் புது ஸ்டூடியோவில் முதல் நாள். கருநீலச் சுடிதார். என்னோடு ஸ்கூட்டரில் வரவில்லை, வண்டி அனுப்பியிருந்தார்கள். வண்டி தெருமுனை தாண்டும்வரை முகியும் நானும் நின்று பார்த்தோம். முகி கை ஆட்டினாள். பின்சீட்டிலிருந்து ஒரு கை ஆடியது. எங்கள் இரண்டு பேருக்குமா, முகிக்கு மட்டுமா என்று கண்ணாடி வழியாகத் தெரியவில்லை.

நாள் முழுக்க என் சீட்டில் உட்கார்ந்து ஷெரிஃப் கொடுத்த ஷாட்டைப் பார்த்தேன். கம்பி வேலி ஒன்றை அழிக்க வேண்டும். வேலை ஓடவில்லை. இந்நேரம் அவளுக்கு என்ன மெஷின் கொடுத்திருப்பார்கள், எத்தனை பேர் அவளுக்குக் கீழே, எந்தப் படம், யார் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றே ஓடியது. மதியச் சாப்பாட்டைத் திறந்து அப்படியே மூடினேன்.

மாலை அவள் வந்து, முகியிடம் கதை கதையாகச் சொல்லிக்கொண்டே கொடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். மூன்று மாடியாம். கேண்டீனில் தோசை போடுவார்களாம். ஒரு திரை, சுவர் அளவுக்காம். முகி கேட்டுவிட்டு வரைய ஓடினாள். நான் அறை வாசலில் நின்றேன்.

இத்தனை பக்கத்தில் ஒரு வார்த்தையைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறேன். அதை முதலில் வாயால் சொல்லிவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

"கோதை, எனக்கு உன்மேல பொறாமையா இருக்கு."

அவள் திரும்பவில்லை. ஒரு தலையணை உறையை மடித்து வைத்தாள்.

"இன்னிக்குமா?"

"இன்னிக்குத்தான் ரொம்ப."

"சொல்லிட்டீங்கல்ல. கொறஞ்சிருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல."

"எனக்கும் கோவம் கொறையல," என்றாள். குவியலிலிருந்து பெரிய போர்வையை உருவி எடுத்தாள். ஒற்றை ஆளாக மடிக்க முடியாத போர்வை. ஒரு நுனியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மறுநுனியை என் பக்கம் நீட்டினாள்.

"அந்தப் பக்கம் புடிங்க."

போய்ப் பிடித்தேன்.